தாழ்மைப் பள்ளத்தாக்கில் நடந்தவர்: ஜான் பனியன்

விடுதலைக்கான திறவுகோலைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு 12 ஆண்டுகள் சிறையில் இருந்தவர் ஜான் பனியன். இனிச் சமயச் சொற்பொழிவு ஆற்றுவதில்லை என்று ஒரு வாக்குறுதி அளித்திருந்தால், அவர் வீடு திரும்பியிருக்கலாம். வீட்டில், பார்வையற்ற மகள் உட்பட நான்கு குழந்தைகள் அவரை எதிர்நோக்கி இருந்தனர். நீதிபதிகளோ அவரைச் செருக்குடையவர் என்றும், எளிய தொழில் செய்துகொண்டு பெரியோர்க்குரிய பணியில் தலையிடத் துணிந்தவர் என்றும் எண்ணினர். ஆனால், அவர் தம்மைப் பாவிகளுள் முதன்மையானவர் என்று தம் நூலின் தலைப்பிலேயே எழுதிவைத்தவர். தம்மை இத்துணைத் தாழ்வாகக் கருதிய ஒருவர், ஆட்சியாளரின் ஆணைக்குப் பணிய மறுத்தது எங்ஙனம்? அவருடைய வரலாற்றை ஊன்றிப் படிப்போர்க்கு, அந்தத் தாழ்மையும் இந்த உறுதியும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது புலனாகும்.

இளமையும் தொழிலும்

இங்கிலாந்தின் பெட்போர்டு நகருக்குத் தெற்கே எல்ஸ்டோ என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1628ஆம் ஆண்டு பனியன் பிறந்தார். தந்தை தாமஸ், பித்தளைப் பாத்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலாளி. ஊர் ஊராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துத் தரும் அத்தொழிலைச் செய்வோரை, நாடோடிகளோடும் இரவலரோடும் சேர்த்து எண்ணுவது அக்கால வழக்கம். மகனும் அத்தொழிலையே கற்றார். எழுதவும் படிக்கவும் சிறிது காலம் பள்ளியில் பயின்றாராயினும், கற்றவற்றுள் பெரும்பகுதியை விரைவில் மறந்துபோனதாகப் பின்னாளில் அவரே குறிப்பிட்டுள்ளார். ஆங்கில இலக்கியத்தின் மிகச் சிறந்த உரைநடையாளருள் ஒருவராக மதிக்கப்படுபவர், பல்கலைக்கழகத்தின் வாசலையும் மிதித்ததில்லை.

1644ஆம் ஆண்டு அவருக்குத் துயரங்கள் அடுத்தடுத்து வந்தன. சூன் மாதம் தாய் இறந்தார். அடுத்த மாதம் தங்கை இறந்தாள். அதற்கடுத்த மாதமே தந்தை மறுமணம் செய்துகொண்டார். அப்போது மன்னர் முதலாம் சார்லசுக்கும் நாடாளுமன்றத்திற்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டின் இறுதியில், 16 வயது நிரம்பிய பனியன் நாடாளுமன்றப் படையில் சேர்ந்து, நியூபோர்ட் பேக்னல் என்னும் ஊரின் காவற்படையில் பணியாற்றலானார். ஒருமுறை, முற்றுகை ஒன்றுக்குச் செல்லுமாறு பணிக்கப்பட்ட அவர் புறப்படும் வேளையில், வேறொரு வீரர் அவருக்கு மாற்றாகத் தாம் செல்ல விரும்பினார். பனியனும் இசைந்தார். காவல் நின்றபோது தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து அவ்வீரர் இறந்தார். தமக்குரிய இடத்தில் மற்றொருவர் நின்று மடிந்தார் என்னும் இந்நிகழ்ச்சி அக்காலத்தில் அவரைத் திருத்திவிடவில்லை; எனினும் அதனை அவர் மறக்கவுமில்லை.

1647இல் படையிலிருந்து விடுபட்டு ஊர் திரும்பிய அவர், இரண்டு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டார். அப்பெண்மணியின் பெயர் எந்தப் பதிவிலும் இடம்பெறவில்லை. உண்பதற்கு ஒரு தட்டோ கரண்டியோ கூட இல்லாத வறுமையில் அவ்விருவரும் இல்லறத்தைத் தொடங்கினர். மனைவி கொண்டுவந்த சீர் இரண்டு சமய நூல்கள் மட்டுமே; அவை அவருடைய தந்தை விட்டுச்சென்றவை. மறந்துபோன எழுத்துகளைப் பனியன் மீண்டும் கூட்டிப் படிக்கத் தொடங்கியது அந்நூல்களில்தான். 1650இல் முதல் குழந்தை மேரி பிறந்தாள். அவளுக்குக் கண்பார்வை இல்லை.

தன்முயற்சியும் அருளும்

இளமையில் பனியன் கொலையோ களவோ செய்தவர் அல்லர். ஆடல், மணியடித்தல், கிட்டிப்புள் போன்ற பொழுதுபோக்குகளும், வாயைத் திறந்தால் வசைமொழியும்தாம் அவருடைய குற்றங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்ஸ்டோ ஊர்த் திடலில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார். ஒருமுறை அடித்து, மறுமுறை கோலை ஓங்கிய நேரத்தில், பாவங்களை விட்டு விண்ணுலகு செல்கிறாயா, பாவங்களோடு நரகம் செல்கிறாயா என்று வானிலிருந்து ஒரு குரல் கேட்டதுபோல் உணர்ந்தார். சற்று நேரம் திகைத்து நின்றார். இனித் திருந்துவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று தமக்குத் தாமே முடிவுகட்டிக்கொண்டு, மீண்டும் ஆட்டத்தைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டிய நம்பிக்கையிழப்பின் முதற்கீற்று இதுவாகும்.

பின்னர் அவர் தம்மைத் தாமே திருத்த முற்பட்டார். வசைமொழியை விட்டார். மணியடிப்பதையும் விட்டார், ஆனால், மற்றவர் மணியடிப்பதை வேடிக்கை பார்க்கும் ஆசை போகவில்லை. மணிக்கூண்டில் நிற்கும்போது, மணி அறுந்து தம்மேல் விழுந்தால் என்னாவது என்னும் அச்சம் எழுந்தது. ஆகவே, பெரிய உத்தரம் ஒன்றின் கீழே போய் நின்றார். மணி சுவரில் மோதித் தெறித்துத் தம்மீது பட்டால் என்னும் எண்ணம் அடுத்து வந்தது. வாயிற்படிக்கு நகர்ந்தார். கோபுரமே சரிந்தால்? அந்த எண்ணம் எழுந்ததும் அங்கும் நிற்க இயலாமல் ஓடிவிட்டார். படிப்போர்க்கு நகைப்பை விளைக்கும் இந்நிகழ்ச்சியில், தண்டனைக்கு அஞ்சி நல்லவராக முயலும் மனத்தின் தவிப்பு முழுவதும் அடங்கியுள்ளது. ஓர் இடத்தைப் பாதுகாப்பானது என்று அம்மனம் நம்பிய மறுகணமே அடுத்த அச்சம் தலைதூக்கிவிடுகிறது.

ஊரார் அவருடைய மாற்றத்தைக் கண்டு வியந்தனர். நல்லவர், பக்திமான் என்று பாராட்டினர். அப்பாராட்டு அவருக்கு இனித்தது. அந்த இனிப்பில் மறைந்திருந்த செருக்கை அவர் அப்போது அறியவில்லை.

அதனை அவருக்கு உணர்த்தியோர் சில ஏழைப் பெண்கள். தொழில் நிமித்தமாகப் பெட்போர்டுக்குச் சென்ற ஒருநாள், தெரு ஒன்றில் மூன்று நான்கு பெண்கள் ஒரு வீட்டு வாசலில் இளவெயிலில் அமர்ந்து உரையாடிக்கொண்டிருக்கக் கண்டார். பேச்சு இறைவனைப் பற்றியதாக இருந்தமையால் அருகே சென்று செவிமடுத்தார். சமயப் பேச்சில் தமக்கு ஈடில்லை என எண்ணியிருந்த அவருக்கு, அவர்கள் பேசியது விளங்கவேயில்லை. தங்கள் நற்செயல்களைப் பற்றி அவர்கள் பேசவில்லை. தங்கள் உள்ளத்தின் சிறுமையைப் பற்றியும், தகுதியற்ற தங்களை இறைவன் அன்பினால் தேடிவந்ததைப் பற்றியும் பேசினர். அதனையும் மகிழ்ச்சியோடு பேசினர். தம் சிறுமையை ஒப்புக்கொள்வோர் எப்படி மகிழ முடியும் என்பதே பனியனுக்குப் புதிராக இருந்தது. மீண்டும் மீண்டும் அவர்களை நாடிச் சென்றார்.

அப்பெண்கள் ஜான் கிஃபோர்டு என்பவரின் சபையைச் சேர்ந்தவர்கள். கிஃபோர்டின் வாழ்க்கையே ஒரு கதைபோன்றது. போரில் மன்னர் தரப்பில் படைத்தலைவராக இருந்து பிடிபட்டு, மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்து தப்பியவர்; பின் பெட்போர்டில் மருத்துவராகி, சூதாட்டத்திலும் குடியிலும் காலம் கழித்து, இறுதியில் மனம் மாறிப் போதகரானவர். எதிரணிப் போர்வீரராக இருந்த பனியனை அவர் அன்போடு ஏற்றுக்கொண்டார்.

ஆயினும், பனியனின் உள்ளம் உடனே அமைதி பெற்றுவிடவில்லை. தமக்கு உண்மையான நம்பிக்கை உண்டா என்று சோதித்தறிய விரும்பி, எல்ஸ்டோவுக்கும் பெட்போர்டுக்கும் இடையிலான சாலையில், குதிரைகளின் குளம்படியில் தேங்கிய நீரைப் பார்த்து வற்றிப்போகுமாறு கட்டளையிட நினைத்தார். வற்றாவிட்டால் தாம் தொலைந்தவர் என்பது உறுதியாகிவிடுமே என்று அஞ்சி, அச்சோதனையைக் கைவிட்டார். பின்னர், கிறித்துவை விற்றுவிடு என்று உள்ளத்தில் ஓயாமல் ஒலித்த ஒரு தூண்டுதல், உண்ணும்போதும் உழைக்கும்போதும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவரை அலைக்கழித்தது. போராடிக் களைத்த ஒரு காலைப்பொழுதில், அவர் விரும்பினால் போகட்டும் என்று ஓர் எண்ணம் தம் மனத்தில் ஓடியதை உணர்ந்தார். வாயால் ஒரு சொல்லும் கூறவில்லை. ஆயினும், ஒரு வேளை உணவுக்காகத் தலைமகன் உரிமையை விற்ற விவிலியக் கதைமாந்தனான ஏசாவோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மீளாத் துயரில் ஆழ்ந்தார்.

இக்காலத்தில் அவர் கைக்கு வந்த நூல்களுள் ஒன்று, தொட்டால் உதிரும் நிலையிலிருந்த ஒரு பழைய படி. அது கலாத்தியர் திருமுகத்திற்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய விளக்கம். மனிதர் தம் நற்செயல்களால் இறைவன்முன் நீதிமான்கள் ஆவதில்லை, நம்பிக்கையினால் அருளைக் கொடையாகப் பெறுகின்றனர் என்பது அந்நூலின் மையக் கருத்து. தம் உள்ளத்தைப் பார்த்தே அது எழுதப்பட்டதுபோல் பனியனுக்குத் தோன்றியது. விவிலியத்திற்கு அடுத்த நிலையில் அந்நூலை அவர் போற்றினார்.

ஒருநாள் வயல்வழியே நடந்துகொண்டிருந்தபோது, தம்முடைய நீதி விண்ணுலகில் இருக்கிறது என்னும் எண்ணம் அவருள் தெளிவாக எழுந்தது. அந்த நீதி இயேசு கிறித்துவே. ஆகவே, தம் மனநிலை நன்றாக இருக்கும் நாளில் அது கூடுவதுமில்லை, சோர்ந்திருக்கும் நாளில் குறைவதுமில்லை. அத்தனை ஆண்டுகளாகத் தம்முள்ளேயே எதனைத் தேடிக் காணாமல் தவித்தாரோ, அது தமக்கு வெளியே, மாறாத ஓரிடத்தில் இருப்பதாகக் கண்டார். காலில் பூட்டியிருந்த விலங்குகள் கழன்று விழுந்ததுபோன்ற விடுதலையை உணர்ந்ததாக அவர் அதனைக் குறிப்பிடுகிறார். மணிக்கூண்டில் இடம் மாறி மாறி நின்ற மனிதருக்கு நிற்பதற்கோர் இடம் கிடைத்துவிட்டது.

வழக்கும் சிறையும்

ஏறத்தாழ 1653இல் பெட்போர்டு சபையில் உறுப்பினரான பனியன், சில ஆண்டுகளில் சொற்பொழிவாற்றத் தொடங்கினார். பாத்திரம் பழுதுபார்ப்பவர் பேசுகிறார் என்று வேடிக்கை பார்க்க வந்தோர் பலர், கேட்டு நெஞ்சுருகினர். 1658இல் மனைவி இறந்தார். நான்கு குழந்தைகளோடு தனித்து நின்ற அவர், மறு ஆண்டு எலிசபெத் என்னும் இளம்பெண்ணை மணந்தார்.

1660இல் அரசியல் மாறியது. இரண்டாம் சார்லசு அரியணை ஏறினார். அரசு ஏற்ற திருச்சபைக்கு வெளியே கூடி வழிபடுவோர் நாட்டின் அமைதிக்குக் கேடு விளைவிப்போர் என்னும் ஐயம் ஆட்சியாளரிடம் இருந்தது. மன்னர் ஒருவரின் தலையைக் கொய்த உள்நாட்டுப் போரின் நினைவு மறையாத காலத்தில், அவ்வையத்தை முற்றிலும் காரணமற்றது என்று தள்ளிவிட இயலாது. 1593ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்று தூசு தட்டி எடுக்கப்பட்டது.

அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள், லோயர் சாம்செல் என்னும் சிற்றூரில் பனியன் பேசவிருந்தார். அவரைப் பிடிக்க ஆணை பிறந்துவிட்ட செய்தி முன்கூட்டியே எட்டியது. கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் கருதினார். வெளியே சிறிது நேரம் உலவி எண்ணிப் பார்த்த பனியன், தாம் ஓடினால் புதிதாக நம்பிக்கை கொண்ட எளியோர் அச்சத்தில் சிதறிவிடுவர் என்று தெளிந்து, உள்ளே சென்று கூட்டத்தைத் தொடங்கினார். காவலர் வந்தனர்.

1661 சனவரியில் நடந்த விசாரணையில் கீலிங் என்பவர் தலைமை வகித்தார். அச்சிட்ட வழிபாட்டு நூலின்படி மன்றாட மறுப்பது ஏன் என்பது பற்றி நெடிய சொல்லாடல் நிகழ்ந்தது. இறைவேண்டல் என்பது உள்ளத்திலிருந்து எழவேண்டியது என்பதே பனியனின் நிலை. மூன்று மாதச் சிறை. அதன்பின்னும் பணியாவிட்டால் நாடுகடத்தல். அனுமதியின்றித் திரும்பி வந்தால் தூக்கு. இதுவே தீர்ப்பு. இன்று விடுவித்தால் நாளையே மீண்டும் பேசுவதாக அவர் தெரிவித்துவிட்டுச் சிறைக்குத் திரும்பினார்.

இல்லத்தில் நேர்ந்தது இன்னும் கொடியது. கருவுற்றிருந்த எலிசபெத், கணவர் பிடிபட்ட செய்தியின் அதிர்ச்சியில் உரிய காலத்திற்கு முன்பே பேறுகால வலியுற்று, எட்டு நாள் துன்புற்றுக் குழந்தையைப் பெற்றார். குழந்தை இறந்தது. எனினும், அவ்வாண்டு ஆகத்து மாதம் பெட்போர்டுக்கு உயர் நீதிபதிகள் வந்தபோது, அவர் கணவருக்காக மனுக் கொடுத்தார். நீதிபதி மத்தேயு ஹேல் கனிவோடு பெற்றுக்கொண்டார். மறுநாள் நீதிபதி ட்விஸ்டனின் வண்டிக்குள் மற்றொரு மனுவை எறிந்தார். அவர் சினந்து பேசினார். ஸ்வான் விடுதியில் நீதிபதிகளும் கனவான்களும் நிறைந்திருந்த அறைக்குள் எலிசபெத் தனியாகச் சென்று நின்றார். நான்கு குழந்தைகளில் ஒரு குழந்தை பார்வையற்றது, அண்டை அயலாரின் உதவியால் மட்டுமே பிழைக்கிறோம் என்று எடுத்துரைத்தார். கணவர் பேசுவதை விட்டுவிடுவாரா என்று கேட்கப்பட்டபோது, பேச நாவுள்ளவரை விடமாட்டார் என்றார். பாத்திரம் பழுதுபார்க்கும் ஏழை என்பதால்தான் அவருக்கு நீதி மறுக்கப்படுகிறது என்று அஞ்சாது கூறினார். ஹேல் இரங்கினார், சட்டத்தில் எஞ்சியிருந்த வழிகளை அவருக்கு எடுத்துரைத்தார், அதற்குமேல் அவரால் இயலவில்லை. எலிசபெத் அழுதபடி வெளியே வந்தார். தங்கள் துயரை நினைத்து அழுததைவிட, இந்நீதிபதிகள் இறைவன்முன் என்ன விடை சொல்வார்களோ என்று எண்ணியே மிகுதியாக அழுததாக அவர் கூறியுள்ளார். பனியனின் வரலாற்றில் அவருக்கு இணையாக வைத்தெண்ணத்தக்கவர் இப்பெண்மணி.

சிறைக்குள் பனியனை வாட்டியது சுவரன்று. மேரியின் நினைவே அவரை வாட்டியது. காற்றும் கடுமையாகப் படக்கூடாது என்று தாம் காத்த குழந்தை, பசியிலும் குளிரிலும் பிச்சையெடுக்க நேருமே, அடிபட நேருமே என்று கலங்கினார். குடும்பத்தைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது போன்றது என்றும், தம் வீட்டைத் தாமே மனைவி மக்கள் தலைமேல் இடித்துத் தள்ளுவதாகத் தோன்றியது என்றும் எழுதியுள்ளார். அவர்களைக் காக்கத் தம்மால் இயன்றது ஒன்றே. நாடாக்களின் முனையில் உலோகக் குப்பி பொருத்தும் வேலையைக் கற்று, அவ்வாறு செய்த நாடாக்களைப் பெருமளவில் விற்றுக் குடும்பத்திற்குப் பணம் அளித்தார்.

இன்னொரு சோதனையும் இருந்தது. தூக்குமேடை வரை போக நேரலாம் என்று எண்ணிய தொடக்க நாள்களில், இறைவன் தம்மோடு இருக்கிறார் என்னும் உணர்வு அவரிடமிருந்து முற்றிலும் விலகிவிட்டது. மேடை ஏணியில் கால் நடுங்கி, முகம் வெளிறி, தாம் நம்பியதற்கே இழுக்குத் தேடிவிடுவோமோ என்று வெட்கினார். பல வாரங்கள் இந்த இருளில் கழிந்தன. இறுதியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இறைவன் ஆறுதல் தரலாம், தராமலும் போகலாம். அது அவர் விருப்பம். தாம் உண்மை என்று கண்டதைப் பற்றி நிற்பது தம் கடமை. விண்ணுலகம் கிட்டினும் நரகம் கிட்டினும் கண்ணை மூடிக்கொண்டு ஏணியிலிருந்து குதித்துவிடுவது என்று துணிந்தார். நற்செயலுக்குக் கூலியாக மீட்பு கிட்டும் என்று கருதுபவர் இவ்வாறு துணிவது அரிது. எதனையும் ஈட்டிக்கொள்ள வேண்டிய தேவை தமக்கில்லை என்று உணர்ந்தவராதலின், இழப்பதற்கு அவர் அஞ்சவில்லை. நீதிபதிகள் செருக்கு என்று கண்டது இதனைத்தான்.

பாவிகளுள் முதன்மையானவருக்குப் பெருகிய அருளைக் கூறும் அவருடைய தன்வரலாற்று நூல், சிறையிலிருந்தே 1666இல் வெளிவந்தது. மணிக்கூண்டையும் குளம்படி நீரையும் நாம் அறிவது அந்நூலால்தான். தம் பெருமைக்கு ஏற்றதை மட்டும் எழுதும் தன்வரலாறுகளுக்கிடையே, தம்மை நகைப்புக்கு இடமாக்கும் செய்திகளையும் மறைக்காமல் எழுதிய நேர்மையால் அது தனித்து நிற்கிறது.

1672இல் மன்னர் வெளியிட்ட சமயச் சலுகை அறிவிப்பினால் பனியன் விடுதலை பெற்றார். இவ்விடத்தில் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. இளமையில் அவர் எழுதிய முதல் நூல்கள், குவேக்கர் என்னும் நண்பர் சபையினரைக் கடுமையாகத் தாக்கியவை. சிறையிலிருந்த தம் சபையினர்க்காக மன்னரிடம் பொதுமன்னிப்புப் பெற்ற குவேக்கர்கள், அப்பட்டியலில் பிற சபையாரையும் சேர்த்துக்கொள்ள இசைந்தனர். பனியனின் பெயர் இடம்பெற்ற மன்னிப்பு ஆவணம் அதுவே. தகுதி பாராமல் வரும் அருளைப் பற்றி எழுதியவருக்கு, அது தாம் பழித்தவர்களின் கையிலிருந்தே வந்து சேர்ந்தது.

பள்ளத்தாக்கும் பயணமும்

1678இல் இலண்டனில் நத்தானியல் பாண்டர் என்பவர் வெளியிட்ட ஒரு சிறு நூல் பனியனின் பெயரை நிலைபெறச் செய்தது. தமிழில் மோட்சப் பயணம் என அறியப்பெறும் அந்நூல் சிறையில் கருக்கொண்டது. அச்சிடுவதற்கு முன் நண்பர்களிடம் காட்டியபோது, சிலர் அச்சிடுமாறும் சிலர் வேண்டாமென்றும் கூறினர். இறைநெறியைக் கதையாகச் சொல்வது பொருந்துமா என்னும் ஐயமே அதற்குக் காரணம். பனியன் அச்சிடவே துணிந்தார். அவர் வாழ்நாளிலேயே 11 பதிப்புகள் வந்தன.

முதுகில் பெருஞ்சுமையோடு அழிவின் நகரத்தைவிட்டு ஓடும் கிறித்தியான் என்பவன், விண்ணக நகரை அடைவதே கதை. முதலில் அவன் அவநம்பிக்கைச் சேற்றில் விழுகிறான். பின்பு ஒரு மேட்டில் சிலுவையைக் காண்கிறான். அதனை நோக்கியதும் சுமை தானே அவிழ்ந்து உருண்டு, கீழேயுள்ள கல்லறைக்குள் மறைகிறது. அவன் அதனை இறக்கவுமில்லை, அவிழ்க்கவுமில்லை. வயல்வழியில் பனியன் பெற்ற தெளிவே இங்குக் காட்சியாகியுள்ளது. மாயச் சந்தையில் கிறித்தியானின் நண்பன் உண்மையாளன் விசாரிக்கப்படும் பகுதியைப் படிப்போர்க்குப் பெட்போர்டு நீதிமன்றம் நினைவுக்கு வராமல் போகாது. ஐயக் கோட்டையில் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிறைப்பட்ட கிறித்தியான், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததைக் காலந்தாழ்த்தி உணர்வதும் அவ்வாறே.

ஆயினும், நூலின் உட்பொருளைத் தாங்கி நிற்கும் இடம் தாழ்மைப் பள்ளத்தாக்கு என்றே சொல்லவேண்டும். முதற்பகுதியில் கிறித்தியான் அதில் இறங்கும்போது கால் வழுக்குகிறான். அப்பொல்லியோன் என்னும் கொடிய பகைவனோடு போரிட நேர்கிறது. படிப்போர் அதனை அஞ்சத்தக்க இடமாகவே நினைப்பர். 1684இல் வெளிவந்த இரண்டாம் பகுதியில், கிறித்தியானின் மனைவியும் மக்களும் அதே பள்ளத்தாக்கின் வழியே வருகின்றனர். இப்போது அது வளமான மண்ணும் பசும்புல்லும் நிறைந்த நிலமாகக் காட்சி தருகிறது. எளிய உடையணிந்த இடைச்சிறுவன் ஒருவன் ஆடு மேய்த்தபடி மனநிறைவோடு பாடிக்கொண்டிருக்கிறான். ஆண்டவராகிய கிறித்து முன்னொரு காலத்தில் இப்பள்ளத்தாக்கில்தான் தம் நாட்டுப்புற இல்லத்தை வைத்திருந்தார், இங்கு உலவுவதை விரும்பினார் என்று வழிகாட்டி கூறுகிறான். விண்ணை விட்டு மண்ணில் எளியவராகப் பிறந்து, சீடரின் கால்களைக் கழுவி, சிலுவைச் சாவை ஏற்றவர் கிறித்து என்பது கிறித்தவர் நம்பிக்கை. அதனைப் பனியன், பள்ளத்தாக்கில் ஒரு வீடு என்னும் எளிய உருவகத்தில் அடக்கிவிட்டார். கிறித்தியானை இடறச் செய்த நிலம் அந்நிலமன்று; இறங்குவதில் அவனுக்கிருந்த தடுமாற்றமே என்பதையும் இரண்டாம் பகுதி உணர்த்துகிறது.

புகழ் வந்தபோது பனியன் அதனை எவ்வாறு ஏற்றார் என்பதற்கு வழிவழியாக வழங்கும் செய்தி ஒன்று உண்டு. சொற்பொழிவு மிக இனிமையாக இருந்ததென ஒருவர் பாராட்ட, தாம் மேடையிலிருந்து இறங்குமுன்னரே சாத்தான் அதனைத் தம் காதில் சொல்லிவிட்டான் என்று அவர் விடையிறுத்தாராம். ஊரார் பாராட்டில் மகிழ்ந்து தம்மை மறந்திருந்த எல்ஸ்டோ நாள்களை அவர் மறக்கவில்லை போலும். திருமுழுக்குப் பற்றிய கருத்து வேறுபாட்டைக் காரணம் காட்டி உடன் நம்பிக்கையாளரை ஒதுக்கலாகாது என்று அவர் எழுதியபோது, மறுத்து எழுதியோர் அவருடைய பிறப்பையும் தொழிலையும் இகழ்ந்தனர். அவற்றை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

இறுதி நாள்கள்

1688 ஆகத்து மாதம், தந்தை ஒருவருக்கும் மகனுக்கும் இடையே மூண்ட பகையைத் தீர்த்துவைக்க ரெடிங் நகருக்குக் குதிரையில் சென்றார். மகனைச் சொத்திலிருந்து விலக்கிவிட எண்ணியிருந்த தந்தையின் மனம் இளகியது. அங்கிருந்து கொட்டும் மழையில் நனைந்தபடி இலண்டன் வந்து சேர்ந்தார். அந்நிலையிலும் ஒரு ஞாயிறன்று சொற்பொழிவாற்றினார். பின்னர்க் காய்ச்சல் முற்றி, ஸ்னோ ஹில் பகுதியில் மளிகை வணிகரான நண்பர் ஸ்ட்ரட்விக்கின் இல்லத்தில், ஆகத்து 31ஆம் நாள் உயிர்நீத்தார். பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் விட்டுச்சென்ற உடைமைகளின் மதிப்பு 42 பவுண்டு 19 ஷில்லிங். மீண்டும் சிறைப்பட நேரிடலாம் என்று கருதி, 1685லேயே தம் உடைமைகள் அனைத்தையும் எலிசபெத்துக்கு உரிமையாக்கிப் பத்திரம் எழுதியிருந்தார். ஏறத்தாழ 60 நூல்களை எழுதியவர், பெட்போர்டு சபையின் போதகர், நாடறிந்த சொற்பொழிவாளர் ஆகிய அவர், அப்பத்திரத்தில் தம்மைப் பித்தளைத் தொழிலாளி என்றே குறிப்பிட்டுள்ளார்.

அவருடைய நூல் உலகின் இருநூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. தமிழில் அது மொழிபெயர்ப்பாக வந்ததோடு, காப்பியமாகவும் மலர்ந்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எச்.ஏ. கிருட்டிணனார் அதனை வழிநூலாகக் கொண்டு பாடிய இரட்சணிய யாத்திரிகம், 3766 பாடல்களுடன் 1894இல் நூலாக வெளிவந்தது. பனியன் தம் கதையில் சிலுவையை ஒரு மேட்டில் நிறுத்தியதோடு அமைந்தார். அதன் வரலாற்றை விரித்துரைக்கவில்லை. அவருடைய வாசகர்கள் அதனைக் குழந்தைப் பருவம் முதல் அறிந்தவர்கள். கிருட்டிணனார்க்கோ அதனை முதன்முதலாகக் கேட்கவிருக்கும் தமிழர்களும் கண்முன் நின்றனர். ஆகவே, தம் காப்பியத்தின் குமார பருவத்தில் இயேசு பிடிபட்டது, இகழப்பட்டது, வாய் திறவாமல் துன்பங்களை ஏற்றது, தமக்குத் தீங்கிழைத்தோர்க்காக இரங்கியது ஆகிய அனைத்தையும் விருத்தப் பாக்களில் விரிவாகப் பாடினார். பெட்போர்டுச் சிறையிலிருந்து தொடங்கிய பயணக் கதைக்குள் அப்பகுதி தமிழ்ப் புலவர் ஒருவர் சேர்த்த கொடையாகும்.